அக்காவுக்கு ஒரு கார்டிகன்

புதுச்சேரி வெயிலில் உட்கார்ந்து கம்பளிச் சட்டை பின்னுகிறேனே என்று எதிர்வீட்டுப் பெண் சிரிக்கிறாள். குளிர் எனக்கில்லை அம்மா, பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் என் அக்காவுக்கு என்றேன்.

அக்காவுக்கு 82 வயது. தோள்பட்டை இறுகிப்போய்க் கை மேலே எழும்புவதில்லை. தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டர் இனி ஆகாது. "அம்மா பின்னினாங்களே, முன்பக்கம் பொத்தான் வச்சது, அதே மாதிரி ஒண்ணு பின்னித் தாடி" என்று போனில் கேட்டாள். 1964இல் சொல்தா அத்தானுடன் அவள் பிரான்சுக்குப் புறப்பட்டபோது அம்மா கொடுத்தனுப்பிய கார்டிகன் அது. இப்போது புகைப்படத்தில்தான் இருக்கிறது.

கார்டிகன் என்பது ஓர் ஆங்கிலேயப் பிரபுவின் பட்டம். 1854இல் கிரிமியப் போரில் குதிரைப்படையை நடத்திச் சென்றவர் அவர். சரியாக நூறு வருடம் கழித்து, 1954இல், ஷனேல் அம்மையார் பாரிசில் தன் தொழிலை மறுபடி தொடங்கினார். அதே வருடம் நவம்பரில்தான் நம் ஊரில் கொடி மாறியது. காலர் இல்லாத, கார்டிகன் போன்ற அவருடைய மேற்சட்டைகள் உலகம் சுற்றின. அந்தத் துணி சின்னச் சின்னச் சுருள்களோடு இருக்கும். அதற்குப் பெயர் பூக்லே. பிரெஞ்சு படித்தவர்களுக்குத் தெரியும், சுருட்டை முடிக்கும் அதே சொல்தான்.

பழைய பாணி என்றால் பூக்லே நூல்தான் என்று கடைக்காரர் சொன்னார். நானும் நம்பி வாங்கிவிட்டேன். முதுகுப் பகுதி பாதி வந்தபின் தடவிப் பார்த்தால், இருபது வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி நழுவியிருக்கிறது. கண்புரை அறுவை முடிந்த என் கண்ணுக்கு அந்தச் சுருளுக்குள் கண்ணி எது, நூல் எது என்று தெரியவேயில்லை. சரி, பிரிப்போம் என்று இழுத்தால் சுருள்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன. நடுவில் ஓர் இழை, அதைச் சுற்றித் தளர்வாகச் சுருளும் ஓர் இழை, இரண்டையும் பிடித்துக் கட்ட மூன்றாவது இழை. இதுதான் அந்த நூலின் அமைப்பு. பிரிவதற்காகச் செய்ததல்ல.

மருமகள் சொன்னாள், "விடுங்க அத்தை, தப்பு வெளிய தெரியாது." அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள் நான். பதிவேட்டில் தவறு நேர்ந்தால் அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. ஒரு கோடு அடித்து, சரியானதை மேலே எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். மறைத்த தவறு என்றைக்காவது தணிக்கையில் வந்து நிற்கும். நழுவிய கண்ணியும் அப்படித்தான். இரண்டு துவைப்பில் ஓட்டையாகும். அங்கே யார் இருக்கிறார்கள் அவளுக்குத் தைத்துக் கொடுக்க?

பூக்லே மோசமான நூல் என்று சொல்லவில்லை. லேசாக இருக்கும், கதகதப்பும் தரும். ஆனால் ஷனேலின் மேற்சட்டைகள் தறியில் நெய்த துணியை வெட்டித் தைத்தவை. நம் அம்மாக்கள் கையால் பின்னியது வேறு. அவர்கள் சாதாரண நூலை வைத்துக்கொண்டு, சொரசொரப்பைக் கண்ணியிலேயே கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மா சேர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் அலங்காரப் பின்னலின் பெயர் 'ப்வேன் த ரி'. அரிசிப் பின்னல்! ஒற்றைப்படையில் கண்ணி ஏற்றிக்கொள்ள வேண்டும். ஓர் ஆந்த்ருவா, ஓர் ஆன்வேர், அதாவது ஒரு நேர்க்கண்ணி, ஒரு புரட்டுக்கண்ணி. எல்லா வரிசையும் அதேதான். அரிசி பரப்பினாற்போல் வரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ஓரம் சுருளாது. கண் சரியாகத் தெரியாவிட்டாலும் விரல் நுனி எண்ணிக்கொள்ளும்.

அம்மாவின் கார்டிகனும் அந்தப் பின்னல்தான். புகைப்படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நான் சிறுமியாக இருந்தபோது அம்மா தன் பழைய சால்வையைப் பிரித்து, நூலை என் இரண்டு கைகளிலும் சுற்றி, அதிலிருந்து பின்னியது அது. பழைய பாணி என்றால் எனக்கு அதுதான். வேண்டாதபோது பிரித்து வேறொன்றாக மாற்ற முடிய வேண்டும். பார்வைக்குப் பழசாக இருந்து, பிரிக்கவே முடியாத பொருளுக்கு இவ்வளவு விலை கொடுப்பானேன்?

ஆகவே சாதாரணக் கம்பளி நூல், நான்கு மில்லிமீட்டர் ஊசி என்று புதிதாக ஆரம்பித்துவிட்டேன். முதுகு முடிந்தது, இடது கை நடக்கிறது. பொத்தான் மட்டும் அம்மா வைத்ததைவிடப் பெரிதாக, மரத்தில் வாங்கியிருக்கிறேன். அக்காவின் விரல்களுக்கு அதுதான் பிடிபடும். மார்கழிக்குள் அனுப்பிவிட வேண்டும்.