கிராமத்திலே நிம்மதி என்று யார் சொன்னது?

ஜூன் மாதம் நெருங்கினால் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். பேப்பர் வாங்குகிறவர் கொலை, கொள்ளைச் செய்தியைப் பார்க்க மாட்டார். சினிமாப் பக்கத்தையும் திருப்ப மாட்டார். மூலையில் நாலு வரியில் கிடக்கும் மேட்டூர் அணை நீர்மட்டத்தைத்தான் முதலில் தேடுவார்.

"எத்தனை அடிண்ணே?" என்பார் பக்கத்தில் நிற்பவர்.

ஏறியிருந்தால் டீ சொல்லுவார்கள். இறங்கியிருந்தால் பேச்சு நின்றுபோகும்.

இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள்தான், "படபடப்பு எல்லாம் பட்டணத்து வியாதி. கிராமத்தில் ஏது?" என்கிறார்கள். சென்னையில் எலக்ட்ரிக் ரெயிலில் தொங்கிக்கொண்டு போகும் குமாஸ்தாவுக்கும் அதே நினைப்புதான். "ரிட்டயர் ஆனதும் ஊருக்குப் போயிடணும் சார், நிம்மதியாத் தூங்கணும்!"

கணக்கும் அவர் பக்கம்தான் பேசுகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் மனநல ஆய்வு நடத்தியது. பெருநகரங்களில் 100-க்கு ஏறக்குறைய 15 பேருக்கும், கிராமங்களில் 10 பேருக்கும் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகத் தெரிந்தது. பட்டணம் மோசம்தான். மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த 10 பேர் யார்? அவர்களை எது தூங்கவிடாமல் அடிக்கிறது? தஞ்சைத் தரணிக்கு வந்தால் தெரியும்.

தேதி தெரியாத வாழ்க்கை!

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. முழு மட்டம் 120 அடி. ஜூன் 12-ந் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். வழக்கம்தானே தவிர, நிச்சயம் கிடையாது.

2012-ல் திறந்தது செப்டம்பர் 17. 2016-ல் செப்டம்பர் 20. 2017-ல் அக்டோபர் 2. குறுவை போச்சு! 2022-ல் மே 24-ந் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28. 2025-ல் மறுபடி ஜூன் 12.

2023 கதை இன்னும் மோசம். சொன்ன தேதியில் திறந்தார்கள். நம்பி விதைத்தார்கள். கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய தண்ணீர் வரவில்லை. பல இடங்களில் குறுவை கருகியது. அக்டோபர் 10-ந் தேதி அணையை மூடிவிட்டார்கள்.

ஆபீஸ் குமாஸ்தாவுக்குச் சம்பளம் 1-ந் தேதியா, செப்டம்பரிலா, வராமலே போகுமா என்று தெரியாவிட்டால் எப்படி இருக்கும்? வருடா வருடம் அப்படித்தான் இருக்கிறது இங்கே.

கல்லணைக்குத் தண்ணீர் வந்ததோடு தீர்ந்ததா? பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் கடைமடைக்காரனுக்கு அது வந்து சேரவேண்டும். முறைப்பாசனம் என்றால் இன்னும் தலைவலி. ராத்திரி 2 மணிக்கு டார்ச்சும் மண்வெட்டியுமாக மடையைப் பார்க்கப் போகிறவனுக்கு வேப்பமரத்துக் காற்று வீசினால் என்ன, வீசாவிட்டால் என்ன?

விளைந்த பிறகும் விடாது. நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். மழை பெய்தால் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதி, தளர்த்தச் சொல்லி, குழு வந்து பார்த்து... நெல் அதுவரை காத்திருக்குமா? 2025 அக்டோபர் மழையில் சாலையோரத்தில் குவித்த குறுவை நெல் நனைந்து முளைத்தது. படுதாவைப் போட்டுவிட்டு, நெல் குவியல் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தவர்கள் எத்தனையோ பேர்.

தெருவுக்கே தெரியும்!

பட்டணத்தில் கடன்காரன் கதவைத் தட்டினால் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. கிராமத்தில் வசூல்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் தெரு முழுக்கத் தெரியும். 2016 மார்ச்சில் ஒரத்தநாடு பக்கம் டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து இழுத்த படம் நாடு முழுக்க ஓடியது. தவணை பாக்கி உள்ள ஒவ்வொருவனும் அதைத் தன் வீட்டு வாசலில் நடந்ததாகத்தான் பார்த்தான்.

(ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். சாவு விழுந்தால் அதே தெருதான் சோறு கொண்டு வருகிறது. பட்டணத்தில் அதுவும் இல்லை.)

2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. சம்பா கருகியது. வயலைப் பார்க்கப் போனவர் வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார் என்று நாள்தோறும் செய்தி வந்தது. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 100-க்கும் மேற்பட்ட விவசாயிகள் சாவு என்ற செய்தியைப் பார்த்து, 2017 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம் மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே மாதம் அரசு தமிழ்நாடு முழுவதையும் வறட்சிப் பகுதியாக அறிவித்தது. இறந்த 17 விவசாயிகளின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாயும் அறிவித்தது.

ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டில் என்ன சொன்னார்கள் தெரியுமா? வறட்சியால் விவசாயி யாரும் தற்கொலை செய்துகொள்ளவில்லையாம். எல்லாம் சொந்தக் காரணங்களாம்!

இந்த இடத்தில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. "தீராத வயிற்றுவலி", "குடும்பத் தகராறு" என்று போலீஸ் ரிக்கார்டில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். பயம் என்ற சொல் எந்த பைலிலும் ஏறுவதில்லை. ஏறாததைக் கணக்கெடுப்பது எப்படி?

"கேஸ் டிரபிள்" மாத்திரை!

நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை நடுங்குகிறது, தூக்கம் இல்லை என்று போகிறார். இ.சி.ஜி. நன்றாக இருக்கிறது. "கேஸ் டிரபிள்தான், போங்க" என்று மாத்திரை தருகிறார்கள். வீட்டில் காத்துக்கருப்பு என்பார்கள். முற்றினால் குணசீலம் பெருமாள் கோவிலில் 48 நாள். சாமி கும்பிடுவதில் தப்பில்லை. ஆனால் படபடப்பு வேறு, பைத்தியம் வேறு. அதைச் சொல்ல ஆள் வேண்டாமா?

தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர்கள் இருக்கிறார்கள். கடைமடைக்காரர் ஒருநாள் பிழைப்பை விட்டுவிட்டு பஸ் ஏறவேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்பதைக் கூட்டுறவு சங்கத்திலும் கொள்முதல் நிலையத்திலும் போர்டு எழுதி வைத்தால் என்ன செலவு? 14416 என்ற போன் நம்பர் 2022-ல் இருந்து இருக்கிறது. ராத்திரி 2 மணிக்கும் பேசலாம், காசு கிடையாது. அதையும் அதே போர்டில் எழுதலாம்.

அத்தோடு நிற்கவும் கூடாது. டாக்டர் தூக்கத்துக்கு மாத்திரை கொடுப்பார். ஈர நெல்லுக்கு என்ன கொடுப்பார்? கொள்முதல் நிலையத்துக்குக் கூரையும் உலர்களமும் வேண்டும். பயிர் இன்சூரன்ஸ் பணம் எந்தத் தேதியில் வரும் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். பாடுபடுகிற குத்தகைக்காரர் கைக்கு அது போய்ச் சேரவேண்டும். அடுத்த குறுவை அறுவடைக்கு முன்னால் கூரை வேலையையாவது ஆரம்பிக்கட்டும்.