ரேஸ் இறங்காத பழைய புல்லட்... ஸ்குரூவைத் திருகும் முன் காற்றைத் தேடுங்கள்!

“அப்பா வாங்கிய 350 சி.சி புல்லட் இன்னும் ஓடுகிறது. தினமும் காலையில் பால் கேன் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போவது அதில்தான். இரண்டு மாதமாக ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்குவதில்லை. எஞ்சின் சூடானால் இன்னும் கூடுகிறது. ஸ்குரூவைத் திருகிக் குறைத்தால், மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆகி நிற்பதில்லை. ‘எஞ்சினை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள்’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?”

- வாசகர் ஒருவர், அன்னூர், கோயம்புத்தூர் மாவட்டம்.

விற்பதையும் எஞ்சினை இறக்குவதையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். 1955-ல் சென்னையில் தயாரிப்பு தொடங்கிய புல்லட், சாதாரண ஸ்பேனர்களை வைத்தே பெரும்பாலான வேலைகளை முடிக்கக்கூடிய வண்டி. ரேஸ் இறங்காத கோளாறு பல நேரங்களில் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

குளிரில் நிற்காமல், சூடானதும் ரேஸ் ஏறுகிறது என்பதே முக்கியமான துப்பு. எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகிறது என்று இதற்குப் பொருள். கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். சக்‌ஷன் பைப் ஜாயின்டில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால், வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது. ஆனால், உள்ளே காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலும் இதே கதைதான். கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

கேபிள்: எஞ்சினை நிறுத்திவிட்டு ஆக்ஸிலேட்டரை முழுவதும் திருகி விடுங்கள். கார்பரேட்டருக்குள் ஸ்லைடு ‘டக்’ என்று விழும் சத்தம் கேட்க வேண்டும். கைப்பிடியில் 2 முதல் 3 மி.மீ வரை லூஸ் இருக்க வேண்டும். பிறகு, வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். திருப்பும்போது ரேஸ் ஏறினால், கேபிள் இழுபடுகிறது. வழியை மாற்றிக் கட்டுங்கள். கேபிளில் இழை அறுந்திருந்தால் எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் புதிதாகப் போடுங்கள்.

சோக்கும் ஸ்லைடும்: சோக் லீவர் முழுவதும் மூடுகிறதா என்று பாருங்கள். அண்மையில் யாராவது கார்பரேட்டரைக் கழற்றி மாட்டியிருந்தால், ஸ்லைடைத் திருப்பிப் போட்டுவிட்டார்களா என்றும் பார்க்க வேண்டும். ஸ்லைடின் அடியில் வெட்டுப்பட்ட பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்து இருக்க வேண்டும்.

காற்றுக் கசிவு: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, கார்பரேட்டர் எஞ்சினோடு சேரும் ஜாயின்டைச் சுற்றி, சிறிய பிரஷ்ஷால் எஞ்சின் ஆயிலைத் தடவுங்கள். ரேஸ் சட்டென்று மாறினால், கசிவு அங்கேதான். பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. சூடான எஞ்சினில் தீப்பிடித்துவிடும். அதைச் செய்யவே கூடாது.

கசிவு இருந்தால் நட்டை இன்னும் இறுக்கத்தான் கை போகும். ஆனால், அளவுக்கு மீறி இறுக்கியே பல கார்பரேட்டர்களின் ஃபிளாஞ்ச் வளைந்துபோயிருக்கிறது. கழற்றி, கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. கண்ணாடி மேல் எமரி பேப்பரை விரித்து மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம். அதிகமாக வளைந்திருந்தால், கணபதி, சிங்காநல்லூர் போன்ற இடங்களில் இருக்கும் லேத் பட்டறைகளில் கொடுக்கலாம். புது பேக்கிங் போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள்.

ஸ்லோ ஜெட்: இதன் ஓட்டை மிகச் சிறியது. கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலும் பெட்ரோல் குறைந்துவிடும். கம்பியை விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும். கார்பரேட்டர் கிளீனரும் காற்றும் போதும். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். எனவே, பெட்ரோல் டியூபையும் வாஷர்களையும் பாருங்கள். பல வாரங்கள் வண்டியை நிறுத்துவதாக இருந்தால், கார்பரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

பாயின்ட்: இத்தனையும் சரியாக இருந்தும் ரேஸ் இறங்கவில்லையா? கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறதா? அப்படியானால் டைமிங் பக்கம் போக வேண்டும். பாயின்ட் பிளேட்டுக்கு அடியில் இருக்கும் ஆட்டோ அட்வான்ஸின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, எடைகள் துருப்பிடித்துச் சிக்கினாலோ, டைமிங் முன்னாலேயே நின்றுவிடும். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ வரை இருக்க வேண்டும். டைமிங்கைப் பழகிய மெக்கானிக்கை வைத்துப் பார்ப்பதே நல்லது. வால்வு கைடு தேய்மானம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஹெட்டை இறக்குவது கடைசி வேலை.

இவையெல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்குரூ. 2, 3 கிலோமீட்டர் ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். சிறிய ஏர் ஸ்குரூவை அழுத்தாமல் முழுவதும் மூடி, ஒன்றரைச் சுற்று திறங்கள். பெரிய ஸ்குரூவால் எஞ்சின் அணையாத அளவுக்கு ரேஸ் வையுங்கள். ஏர் ஸ்குரூவைக் கால் கால் சுற்றாகத் திருகி, எஞ்சின் சீராகவும் வேகமாகவும் ஓடும் இடத்தில் விடுங்கள். பிறகு, பெரிய ஸ்குரூவால் ரேஸைக் குறையுங்கள். ஏர் ஸ்குரூவை முழுவதும் மூடினால்தான் எஞ்சின் நிற்கிறது என்றால், கசிவோ அடைப்போ இன்னும் மிச்சம் இருக்கிறது.

இந்த வேலைகளைத் திறந்த இடத்தில் செய்யுங்கள். மூடிய கொட்டகையில் வண்டியை ஓடவிட்டால் புகை உயிருக்கே ஆபத்து.

கோளாறு தீரும் வரை கேன் கட்டிக்கொண்டு போக வேண்டாம். பெட்ரோல் குறைவாகப் போகும் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு எஞ்சினை உண்மையிலேயே இறக்க வேண்டியதாகிவிடும். ஓடும்போது ஆக்ஸிலேட்டர் சிக்கிக்கொண்டால் கிளட்சைப் பிடித்துச் சாவியை அணையுங்கள். வீட்டில் அந்த வண்டியை எடுக்கும் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.