வெள்ளியின் கதையைச் சொல்லாத பணப் பட்டறைகள்



நம் பள்ளி மண்டபங்களில் பணத்தைப் பற்றிய பட்டறைகள் நடைபெறுகின்றன. நான் சென்று அமர்ந்தவற்றில் பெரும்பாலும் ஒரே பல்லவிதான்: பணத்தைப் பெருக்குவது எப்படி? விரைவில் செல்வந்தர் ஆவது எப்படி? பணம் என்பது யாது, அதன் மதிப்பை யார் உறுதி செய்கிறார்கள் என்று கேட்பார் ஒருவரும் இலர். இத்தகைய பட்டறைகளுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்க நிதியைச் செலவிடுவது வீண் என்பதே என் துணிபு.

எண்ணிப் பாருங்கள். ரிங்கிட்டை நாம் இன்றும் 'வெள்ளி' என்றே அழைக்கிறோம். இம்மண்ணில் ஒரு காலத்தில் வெள்ளி நாணயமே புழங்கியது என்பதற்கு அச்சொல்லே சான்று. 'ரிங்கிட்' என்னும் மலாய்ச் சொல்லோ, பழைய இசுபானிய வெள்ளி நாணயத்தின் பல்விளிம்பைக் குறித்தது. இன்று நம் கையிலுள்ள தாளில் வெள்ளியும் இல்லை, பல்விளிம்பும் இல்லை. எஞ்சியிருப்பது நம்பிக்கை ஒன்றுதான்! நாள்தோறும் நாவில் புரளும் இச்சொற்களின் கதையை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

அந்த நம்பிக்கை முறிந்தால் என்ன ஆகும் என்பதை நம் முன்னோர் பட்டே அறிந்தனர். 1942 முதல் 1945 வரை சப்பானியர் வெளியிட்ட நோட்டுகளில், பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்தது. பின்னர் வரிசை எண்கூட இல்லாமல் அச்சடித்துக் குவித்தார்கள். போர் முடிந்ததும் அவை வெறுங்காகிதமாயின.  இதைவிடச் சிறந்த பொருளியல் பாடம் வேறு எங்கே உண்டு?

இன்னொரு பாடமும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் வீடிழந்து நின்ற காலத்தில், 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பால்மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணம் தோட்டங்களையே வாங்கியது. பணம் தனி மனிதனின் பெட்டிக்குள் மட்டும் அடங்குவது அன்று; ஒரு சமூகத்தின் ஒற்றுமையும் பணமாகும் என்பதற்கு இதுவே சான்று.

'வரலாறு வயிற்றை நிரப்புமா?' என்று சிலர் வினவலாம். நிரப்பாது, ஆனால் வயிற்றில் அடிப்பவனை அடையாளம் காட்டும். வட்டி முதலையிடம் மாதம் 10 விழுக்காட்டு வட்டிக்கு 1,000 வெள்ளி வாங்கி, வட்டியை மட்டும் கட்டி வருபவர் ஓராண்டில் 1,200 வெள்ளி செலுத்தியிருப்பார். முதலோ அப்படியே நிற்கும்! உரிமம் பெற்றவர் பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதைத் தடுக்க 1971ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம் 'கூட்டு' என்னும் சொல் அமர்ந்திருக்கிறது. இது நமக்குப் பெருமையா, எச்சரிக்கையா? இவற்றை அறியாதவனுக்குத்தான் விரைவுப் பணத் திட்டக்காரன் வலை விரிக்கிறான். 'பெருக்கலாம், பெருக்கலாம்' என்று மட்டுமே ஓதும் பட்டறை, அவனுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் வேலையைத்தான் செய்கிறது.

ஆகவே, பட்டறைகளே வேண்டா என்று நான் கூறவில்லை. வேறு வகைப் பட்டறை வேண்டும் என்கிறேன். தாத்தா பாட்டிகளை அழையுங்கள். பழைய நாணயங்களையும் தாள்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். தோட்டத்துக் கடைப் பற்றுக் கணக்கைப் பற்றி அவர்கள் பேசட்டும், பிள்ளைகள் வினவட்டும். பிறகு பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து ஒரு கடனின் வட்டியைக் கணக்கிடட்டும். இதற்குக் கட்டணப் பேச்சாளர் எவரும் தேவையில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பணப் பட்டறைக்கு ஒதுக்கீடு கேட்கப்பட்டால், கை உயர்த்துமுன் ஒரு வினா எழுப்புங்கள்: 'இதில் பணத்தின் கதை உண்டா?' இல்லை என்றால், அந்த வெள்ளியை நூலகத்திற்குக் கொடுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.