ஆயிரத்தொண்ணு

எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு செக்யூரிட்டி அண்ணன் இருக்கிறார். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுவதில் இரண்டாயிரம் ரூபாய் துண்டு விழுந்தது. எங்கள் செக்‌ஷனில் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன், விஷயம் காதில் விழுந்ததும் செல்போனை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினான். பணம் போய்விட்டது. "திருப்பித் தர வேணாம்ணா" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டில் ஏறிவிட்டான். நல்ல பையன். அவன் வயதில் நானாக இருந்தால் முதலில் காண்டீன் பக்கம் நழுவியிருப்பேன்.

பத்து நாள் கழித்து அண்ணன் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு மாடிக்கு வந்தார். வீட்டில் சுட்ட அதிரசம். பையன் பதறிப்போய், "ஐயோ, எதுக்குண்ணா இதெல்லாம்? வீட்ல பசங்களுக்குக் குடுங்க" என்று டப்பாவை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டான். அவன் மனதில் துளி கெட்ட எண்ணம் கிடையாது. அண்ணன் சிரித்துக்கொண்டேதான் படி இறங்கினார். ஆனால் அந்தச் சிரிப்பு முகத்தோடு ஒட்டவில்லை.

அந்த முகத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். 2003-ல், எங்கள் ஊரில். அப்போது திருப்பிக் கொடுக்கப் போனவன் நான்.

எனக்குச் சொந்த ஊர் பேராவூரணி பக்கம். தென்னை மரத்துக்கு நடுவே கொஞ்சம் மனிதர்களும் வசிக்கும் பிரதேசம். அந்தப் பக்கமும், அதை ஒட்டிய புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பக்கமும் ஆடி, ஆவணி பிறந்தால் மொய் விருந்து அமர்க்களப்படும். 1992-ல் வந்த 'சின்ன கவுண்டர்' படத்தில் கதாநாயகி கடனை அடைக்க மொய் விருந்து வைப்பாரே, கிட்டத்தட்ட அதுதான். சினிமாவில் ஒரே ஒரு பந்தி. எங்கள் ஊரில் சீசன் முழுக்கப் பந்தி.

விஷயம் சிம்பிள். பணமுடை வந்தவர் பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிடுவார். தனியாகச் செலவு தாங்காது என்பதால் நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு, சோறு. சாப்பிட்டுக் கை கழுவியதும் வரிசையாக நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் போய், யாருக்கு எவ்வளவு என்று சொல்லிப் பணத்தைக் கட்ட வேண்டும். வட்டி கிடையாது. ஜாமீன் கிடையாது. மூன்று பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கிடையாது. ஆனால் நாளைக்குப் பணம் போட்டவர் விருந்து வைக்கும்போது, வாங்கினவர் போய் அதைத் திருப்பிப் போட வேண்டும். வாங்கியதை மட்டும் போட்டால் கணக்கு முடிந்துபோகும், உறவும் முடிந்த மாதிரி. அதனால் கொஞ்சம் மேலே போடுவார்கள். இப்போது அவர் கடன்காரர். இப்படியே போய்க்கொண்டிருக்கும்.

(மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1925-ல், பரிசு கொடுப்பது பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பசிபிக் தீவுகள், வட அமெரிக்கப் பழங்குடிகள் என்று உலகமெல்லாம் உதாரணம் தேடி, கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பித் தருவது மூன்றுமே கடமைதான் என்றார். பேராவூரணிக்கு வந்து ஒரு பந்தியில் உட்கார்ந்திருந்தால் அலைச்சல் மிச்சமாகியிருக்கும். கறிச்சோறும் கிடைத்திருக்கும்.)

எங்கள் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். யார் கேட்டாலும் கடன் கொடுப்பார், யாரிடமும் திருப்பிக் கேட்கமாட்டார். இப்படி வியாபாரம் செய்தால் கடை என்ன ஆகுமோ அது ஆயிற்று. 1991 ஆவணியில் இன்னும் மூன்று பேரோடு கூட்டுச் சேர்ந்து மொய் விருந்து வைத்தார். கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே தகுதியில் எங்கள் வீட்டு நோட்டை எழுத நான் உட்கார்ந்தேன். பாலிடெக்னிக் கடைசி வருஷம், ஃபீஸ் கட்டவில்லை. மொய் எழுதுவது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். இனிஷியல் மாறினால் சண்டை. ஒரு பெரியவர், "பேருக்கு முன்னாடி 'மேலத்தெரு'ன்னு போடு, இல்லேன்னா என் காசு கீழத்தெருக்காரன் கணக்குக்குப் போயிரும்" என்று நான் எழுதி முடிக்கிற வரை நகரவில்லை.

சாயங்காலம் பந்தி ஓய்கிற நேரத்தில் சின்ன மாமா வந்தார். ரத்த உறவு இல்லை. ஊரில் பாதிப் பேருக்கு அவர் சின்ன மாமா. தேங்காய் உரிக்கிற வேலை. தரையில் நட்ட பாரையில் காயைக் குத்தி மூன்று திருகு திருகினால் மட்டை தனி, காய் தனி. உள்ளங்கை மரப்பலகை மாதிரி இருக்கும். வேட்டி மடிப்பை அவிழ்த்து ஒரு இருபது, இரண்டு பத்து, ஒரு ஐந்து, பாக்கியைச் சில்லறையாக எண்ணி வைத்தார். ஐம்பத்தொண்ணு. அன்றைக்கு அது அவருக்கு இரண்டு நாள் கூலி.

"எழுதிக்க மாப்ளே. அம்பத்தொண்ணு. ஒண்ணை விட்றாதே" என்றார். நான் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அந்தப் பணமெல்லாம் சேர்ந்துதான் கடைக்கடன் பாதி அடைந்தது, என் ஃபீஸும் கட்டப்பட்டது. பள்ளிக்கூடத்தில் திருக்குறளில் 'செய்ந்நன்றி அறிதல்' பதினோராம் அதிகாரம், பத்துக் குறளையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். பத்துக்குப் பத்து மார்க். அதனால் நன்றி விஷயத்தில் நமக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று ஒரு எண்ணம்.

1998-ல் சின்ன மாமா முறை. மகள் கல்யாணக் கடன். நான் மெட்ராஸில் ஒரு கம்பெனியில் மாதம் நாலாயிரத்து இருநூறு ரூபாய் சம்பளக்காரன். ஷூ போட்டுக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். (மழைக்காலம். ஷூ என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.)

அம்மா பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்து, "அவன் அம்பத்தொண்ணு போட்டிருக்கான். நீ நூத்தொண்ணு போடு. போதும்" என்றாள்.

"என்னம்மா நூத்தொண்ணு? அவர் செஞ்சதுக்கு இதுவா மரியாதை?"

"சொன்னா கேளுடா."

கேட்கவில்லை. ஆயிரத்தொண்ணு போட்டேன். மைக் வைத்திருந்த ஆசாமி என் பெயரையும் தொகையையும் இரண்டு தடவை அறிவித்தான். பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு ஒரு சாண் உயரம் கூடின மாதிரி இருந்தது. சின்ன மாமா ஓடி வந்து, "இம்புட்டு எதுக்கு மாப்ளே?" என்றார். குரல் கொஞ்சம் நடுங்கியது. நன்றிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டேன். அம்மா மட்டும் வீடு வரும்வரை பேசவில்லை.

2003-ல் எனக்குக் கல்யாணம். (முப்பத்தொரு வயது வரை ஏன் ஆகவில்லை என்பது வேறு கட்டுரை.) முகூர்த்தத்துக்கு மறுநாள் ராத்திரி அம்மா திண்ணையில் நோட்டை வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தவள், ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினாள். சின்ன மாமா, ஆயிரத்து நூத்தொண்ணு.

"அடேயப்பா" என்றேன்.

"என்ன அடேயப்பா? அத்தைக்காரி காதைப் பாத்தியா நேத்து?"

பார்க்கவில்லை. கல்யாண மாப்பிள்ளை யார் காதைப் பார்ப்பான்? அம்மாதான் சொன்னாள். தோட்டை அடகு வைத்துவிட்டு ஈர்க்குச்சி செருகிக்கொண்டு வந்திருந்தாளாம். "நீ போட்டதில பழசு அம்பத்தொண்ணு கழிச்சா தொள்ளாயிரத்து அம்பது அவன் தலையில நின்னுச்சு. அதுக்கு மேல போட்டாத்தானே அவனுக்கு மரியாதை? அன்னைக்கு நூத்தொண்ணு போட்டிருந்தா இன்னைக்கு நூத்தம்பதோட போயிருக்கும்."

அஞ்சு வருஷமாக அந்த மனுஷன் என் பெருந்தன்மையைத் தலையில் சுமந்துகொண்டு தேங்காய் உரித்திருக்கிறார். எனக்கு ராத்திரி தூக்கமில்லை. கல்யாணமான புதிதில் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். எனக்கு இது.

விடிந்ததும் முதல் வேலையாக ஆயிரத்து நூத்தொரு ரூபாயைக் கவரில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு டிவிஎஸ் ஐம்பதை இரவல் வாங்கிப் போனேன். சின்ன மாமா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கவரை நீட்டி, "மாமா, இது வேணாம். மொதல்ல அத்தை தோட்டை மீட்டுடுங்க. நமக்குள்ள என்ன கணக்கு?" என்றேன். இந்தக் கடைசி வாக்கியத்தை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

அவர் கவரை வாங்கவில்லை. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சிரித்தார், ஆனால் ஒட்டவில்லை.

"ஏன் மாப்ளே, எங்க வீட்டுக் காசு கசக்குதா?"

"ஐயய்யோ, அப்படி இல்ல மாமா..."

"உங்கப்பா என்கிட்ட அம்பத்தொண்ணு வாங்கினாரு. வேணாம்னாரா? சந்தோசமா வாங்கினாரு. பந்தியில என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாரு. நீ ஆயிரம் போட்டப்பவே கேக்கணும்னு நெனச்சேன். நான் உனக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

நான் பேசவில்லை. அத்தை ஒரு லோட்டாவில் நீராகாரம் கொண்டுவந்து வைத்தாள். காதில் ஈர்க்குச்சி. குடித்துவிட்டுக் கவரோடு திரும்பி வந்தேன். வழியில் டிவிஎஸ் பெட்ரோல் இல்லாமல் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தேன். எனக்கு வேண்டியதுதான்.

மொய் விருந்து என்றால் எல்லாம் தேன் பாகு என்று சொல்ல வரவில்லை. திருப்பிப் போடுவதற்காக வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. இப்போதெல்லாம் நோட்டு எண்ணும் மெஷின், கம்ப்யூட்டர் ரசீது என்று வந்து, ஒரே விருந்தில் கோடிக்கணக்கில் மொய் வாங்கியவர் பற்றிப் பேப்பரில் செய்தி படித்தேன். அந்த அளவுக்குப் போனால் அது வேறு சமாசாரம். நான் சொல்வது ஐம்பத்தொரு ரூபாய்க்காரர்கள் பற்றி.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் பக்கம் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது. காய் இல்லாத ஊரில் உரிப்பவருக்கு என்ன வேலை? சின்ன மாமா வீட்டுக் கொல்லையில் ஏழு மரம் இருந்தது. இரண்டுதான் மிஞ்சியது, அதுவும் கொண்டை முறுக்கிக்கொண்டு. அடுத்த வருஷம் ஆடியில் அவரும் மகனும் சேர்ந்து விருந்து வைத்தார்கள்.

என் கையில் பத்தாயிரம் இருந்தது. கை துறுதுறுத்தது. அம்மாவைப் பார்த்தேன். எண்பதை நெருங்கியும் கணக்கில் மட்டும் பிசகே கிடையாது.

"பழசு நூத்தம்பத்தொண்ணு. மேல நூத்தம்பது. முன்னூத்தொண்ணு போடு."

"அம்மா, புயல் அடிச்சிருக்கும்மா..."

"புயல் அவன் மரத்தைத்தான் சாச்சுது."

முன்னூத்தொண்ணு போட்டேன். ரசீது அடித்துக் கொடுத்தான். சின்ன மாமா அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்துவிட்டு, என்னை ஓங்கி முதுகில் தட்டினார். மரப்பலகைக் கை, வலித்தது. "இது கணக்கு மாப்ளே!" என்று சொல்லி, கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைத்துத் தானே கரண்டியை வாங்கி இரண்டு நல்லி எலும்பு போட்டார்.

மறு வருஷம் என் முறை. விருந்து வைக்கவில்லை, வேலை போயிற்று. 2020 ஜூன். கம்பெனி பெயர் எதற்கு? ஒரு ஈமெயில், இரண்டு பாரா. நாற்பத்தெட்டு வயது, வீட்டுக்கடன், ப்ளஸ் டூ படிக்கிற பையன். யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் போனில் "வீட்டிலிருந்தே வேலைம்மா" என்றேன். வீடு இருந்தது, வேலைதான் இல்லை.

அம்மா எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் காலையில் லாரி டிரைவர் ஒருவர் போன் செய்தார். கோயம்பேடு மார்க்கெட்டை மூடித் திருமழிசைக்கு மாற்றியிருந்த சமயம். "சார், உங்களுக்கு ஊர்லேர்ந்து ஒரு மூட்டை இருக்கு, வந்து எடுத்துக்குங்க" என்றார். முகத்தில் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். சின்னச் சாக்கு. வீட்டில் பிரித்துக் கொட்டினால் தேங்காய். மட்டை உரித்து, குடுமி கத்தரித்து, அழகாக. எண்ணினேன். இருபத்தொண்ணு.

அடியில் தினசரி காலண்டரில் கிழித்த தாள். பேத்தியின் கையெழுத்தாக இருக்க வேண்டும், குண்டு குண்டாக: 'நம்ம ரெண்டு மரத்துக் காய். தாத்தா நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.'

எனக்குப் புரிந்த வரையில், சும்மா கொடுத்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் ஆயிரத்தொண்ணை அஞ்சு வருஷம் சுமந்தவர் ஆயிற்றே.

எழுதிக்கொண்டேன். தேங்காய் 21. தேதி போட்டு, அடிக்கோடும் போட்டேன். பிறகு வேறு வேலை கிடைத்து, சம்பளம் குறைவு என்றாலும் வண்டி ஓடுகிறது. மனைவி அவ்வப்போது கேட்பாள், "அந்த மாமாவுக்கு என்னங்க திருப்பிச் செய்யப் போறீங்க?" என்று.

இருபத்தொண்ணுக்கு மேலே கொஞ்சம் போட வேண்டும், ரொம்பவும் போய்விடக் கூடாது. எல்லாம் தெரிகிறது. ஆனால் பேராவூரணிக்காரருக்கு மெட்ராஸிலிருந்து தேங்காய் கொண்டுபோய்க் கொடுத்தால் ஊர் சிரிக்காதா?