அவனும் எழுந்து வணக்கம் சொல்லட்டும்



சென்ற ஆண்டு என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். குறைமாதத்தில் பிறந்தவன். இரு கால்களிலும் தசை இறுக்கம்; பெருமூளை வாதம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். கணுக்காலுக்குத் தாங்கி அணிந்து, சுவரைத் தொட்டபடி நடப்பான். வாய்பாடு சொல்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை. நான் வகுப்பிற்குள் நுழையும்போது அனைவரும் எழுந்து வணக்கம் சொல்வர். அவனும் எழ முயல்வான். "நீ உட்கார்ந்தே சொல்லுப்பா" என்பேன். உடற்கல்வி வேளையில் நண்பர்களின் தண்ணீர்ப் புட்டிகளுக்குக் காவல் இருப்பது அவன் வேலை. இதையெல்லாம் நான் கருணை என்றே நினைத்திருந்தேன்.

அவனுடைய தாயார் கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். இயன்முறை சிகிச்சைக்கு மாதம் ஒருமுறைதான் அவருக்குத் தவணை கிடைத்தது. அதற்கும் ஒரு நாள் சம்பளம் போய்விடும். ஒருநாள் சிகிச்சையாளர் கொடுத்த தாளை என்னிடம் காட்டினார். குழந்தைகளின் உடற்சமநிலையை மதிப்பிடும் அளவுகோல் அது. மொத்தம் 14 செயல்கள்; ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் 4 வரை புள்ளிகள்; முழுப்புள்ளி 56. நாற்காலியிலிருந்து எழுதல், அமர்தல், கண்ணை மூடி நிற்றல், திரும்பிப் பின்னால் பார்த்தல், தரையில் கிடக்கும் பொருளை எடுத்தல், கையை முன்னே நீட்டுதல்... படித்துக்கொண்டே வந்த எனக்கு வெட்கமாகிவிட்டது. விழுந்த பென்சிலை எடுப்பதும், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும், எழுந்து வணக்கம் சொல்வதும் வகுப்பறையில் அன்றாடம் நடப்பவை அல்லவா? மாதத்தில் ஒருநாள் மருத்துவமனையில் பழகுவதை, மற்ற நாள்களில் அவன் செய்யவிடாமல் தடுத்தவள் நான்தான்.

நாம் கையை நீட்டுவதற்கு ஒரு கணம் முன்பே இடுப்பும் முதுகும் தம்மை இறுக்கி உடலைத் தயார்ப்படுத்திவிடுகின்றன. கண், உட்செவி, பாதம், மூட்டுகள் ஆகியவை அனுப்பும் செய்திகளை மூளை ஒருங்கிணைத்து இதைச் செய்கிறது. பெருமூளை வாதத்தில் அந்த வரிசை குலைகிறது. காலின் முன்தசையும் பின்தசையும் ஒரே நேரத்தில் இறுகிக்கொள்கின்றன. குழந்தை மரக்கட்டை போல் சாய்வது அதனால்தான். மூளையில் ஏற்பட்ட சேதத்தை எந்தத் தைலமும் மாற்றாது. (விளம்பரங்களை நம்பிச் சேமிப்பைக் கரைத்த பெற்றோரை நான் அறிவேன்.) ஆனால் பயிற்சியால் செயல்திறன் கூடும். ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக்கும் அவருடைய குழுவினரும் 2013இலும் 2020இலும் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்புகள், பிறர் கைகாலை நீட்டி மடக்கி விடுவதைவிட, குழந்தைக்குத் தேவையான செயலையே அது தானாக முயன்று பலமுறை செய்வது நல்ல பலன் தரும் என்று காட்டுகின்றன.

சமநிலை என்பது நடை அழகு பற்றிய செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். நம் நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகள், பிறர் உதவியின்றித் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் பிள்ளையையே சிறப்புக் கல்வியில் 'கல்வி பெறத் தக்கவர்' என்று கொண்டன. கழிவறையில் தனியே நிற்கும் ஆற்றல் ஒரு குழந்தையின் பள்ளி வாழ்க்கையையே முடிவு செய்யும் நிலை இருந்தது. 2013இல் புதிய விதிமுறைகள் வந்தன. 2019 முதல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பலாகாது என்பது கல்வியமைச்சின் கொள்கை. சேர்த்துக்கொண்டோம், சரி. சேர்த்த பிறகு மூலையில் உட்கார வைத்துவிட்டால்?

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எனக்கு இதைச் சொல்லித்தர ஆளில்லை. ஆகவே சிகிச்சையாளரிடமே எழுதிக் கேட்டேன். அவர் இரண்டே செய்திகளைச் சொன்னார். முதலாவது, நாற்காலி. அவனுடைய கால்கள் தரையில் படாமல் தொங்கின. பாதம் ஊன்றாத குழந்தை, விழாமல் இருக்கவே ஒரு கையைச் செலவழிக்கும். பிறகு எங்கே எழுதுவது? எங்கள் தோட்டக்காரர் பழைய பலகையில் ஒரு கால்மணை செய்து கொடுத்தார். கையெழுத்து ஒரு வாரத்திலேயே கோட்டுக்குள் வந்தது. இரண்டாவது, வணக்கம். ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அவன் மேசையைப் பிடித்து எழுவான்; பிறகு ஒரு கையால் மட்டும்; பிறகு கை வைக்காமல். வகுப்பு முழுவதும் அவனுக்காகக் காத்திருக்கும். நாளொன்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட முறை! எந்த மருத்துவமனையால் இதைத் தர முடியும்?

சிகிச்சையாளர் வேண்டாம் என்று நான் கூறவில்லை. எது பாதுகாப்பானது, இடுப்பு மூட்டு எப்படி இருக்கிறது என்பதை அவரே சொல்ல முடியும். பெட்டாலிங் ஜெயாவில் ஸ்பாஸ்டிக் குழந்தைகள் சங்கம் 1960 முதல் இயங்கி வருகிறது. 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வு மையங்கள் இன்று நாடெங்கும் உள்ளன. பெற்றோரே, சமூக நல இலாகாவில் பிள்ளையைப் பதிந்து அட்டை எடுங்கள். அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்று தயங்காதீர்கள். சிகிச்சையாளர் தரும் தாளை ஆசிரியரிடமும் காட்டுங்கள். நாமாகக் கேட்பதில்லை, அதுதான் உண்மை.

இவ்வாண்டு அவன் மூன்றாம் ஆண்டில் இருக்கிறான். மூன்றாம் ஆண்டு வகுப்பறைகள் எங்கள் பள்ளியில் மாடியில் உள்ளன. அவ்வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றவும், கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தவும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். "ஒரு மாணவனுக்காகவா?" என்றார் ஒருவர். அடுத்த கூட்டத்திலும் கேட்கப்போகிறேன். அதுவரை அவனுடைய தாயார் காலையில் அவனை மாடியில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்.