இடுப்புக் குழந்தையோடு கரையிறங்கும்போது

கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு வயதுக் குழந்தைக்குச் சென்னை வரைக்கும் வேடிக்கைக்குக் குறைவே இல்லை. கவரைப்பேட்டையில் எதிரே ஓடும் சரக்கு ரயில், பொன்னேரியில் ஏறும் கூடைகள், மீஞ்சூரைத் தாண்டினால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். கப்பல் மட்டும் கண்ணில் படாது. இத்தனைக்கும் திருவள்ளூர் மாவட்டக் கரையில் இரண்டு துறைமுகங்கள் இருக்கின்றன. எண்ணூரில் 2001ல் திறக்கப்பட்ட காமராஜர் துறைமுகம், 2013ல் இயங்கத் தொடங்கிய காட்டுப்பள்ளி. இரண்டும் சரக்குக்கு. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் டிரெய்லர் லாரியில் கண்டெய்னர் போவதைப் பார்த்தே வளர்கிறார்கள். ஆள் ஏறும் கப்பல் வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போகவேண்டும்.

அந்தக் கப்பல் இப்போது ஷிஃப்ட் வேலை பார்க்கும் குடும்பங்களின் பேச்சிலும் வந்துவிட்டது. 2022 ஜூன் மாதம் கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் சென்னையில் இருந்து ஓடத் தொடங்கியது. பிரான்சின் சான் நசேர் கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 1990ல் கடலுக்கு வந்த, பதினொரு தளங்கள் கொண்ட பழைய கப்பல். அடுத்த ஆண்டு, 2023 ஜூனில், அதே கப்பல் சென்னையில் இருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றிவரக் கிளம்பியது. மழைக்காலத்தில் மும்பைப் பக்கம் அரபிக்கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். கப்பல் இந்தப் பக்கம் வருவது அதனால்தான். திருகோணமலைக் கடல் குளம்போலக் கிடப்பதும் ஏறக்குறைய அதே மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில்தான். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இது நல்ல பொருத்தம்.

கப்பலுக்குள் குழந்தையை வைத்துக்கொள்வது அவ்வளவு சிரமமில்லை. சாப்பாடு அங்கேயே, தூக்கம் அங்கேயே, அறைக்கு இரண்டு நிமிட நடை. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கடல் மயக்கம் வருவதே அபூர்வம். தலை சுற்றுவதெல்லாம் அப்பா அம்மாவுக்குத்தான். சிக்கல், கப்பல் கரையைத் தொட்டதும் தொடங்குகிறது. ஏழெட்டு மணி நேரம் ஒரு ஊர் கைக்குக் கிடைக்கிறது. காசு கொடுத்து வந்தாயிற்று, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று மனம் பறக்கிறது. நான்கு கோயில், ஒரு கோட்டை, ஒரு கடற்கரை, மதியச் சாப்பாட்டுக்குப் பேர்பெற்ற ஓட்டல் என்று வேன் பேசிவிடுகிறார்கள். மூன்றாவது இடத்தில் குழந்தை தரையில் புரண்டு அழும். அதன்பிறகு யாருக்கும் எதுவும் மனதில் நிற்காது.

இரண்டு வயதுக்காரரின் கணக்கு வேறு. காலை எழுந்ததில் இருந்து மதியத் தூக்கம் வரை நான்கு மணி நேரம். அதில் இறங்கி ஏறுவதற்கு ஒரு மணி நேரம் போனால் மீதி மூன்று. அந்த மூன்று மணி நேரத்துக்குள் அடங்கும் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். நிழல் இருக்கிறதா, ஓடியாட இடம் இருக்கிறதா, கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா, கப்பலுக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று நான்கைப் பார்த்தால் தேர்வு தானாக நடந்துவிடும்.

திருகோணமலையில் இந்த நான்குக்கும் விடை கோட்டைக்குள் இருக்கிறது. போர்த்துக்கீசியர் கட்டிய பிரெட்ரிக் கோட்டையின் வாசலைத் தாண்டினால் கோணேசர் கோயில் வரை ஏறிப்போகும் சாலை. இருபுறமும் பெரிய மரங்கள். அந்த நிழலில் புள்ளிமான்கள் படுத்திருக்கும், மேயும், சாலையைக் குறுக்கே கடக்கும். இங்கே கூண்டும் கிடையாது, கம்பிவேலியும் கிடையாது. ஊருக்குள் கடை வாசல் வரைக்கும் வந்து நிற்கும் மான்கள் இவை. வண்டலூரில் கம்பிக்கு அந்தப்பக்கம் தூரத்தில் நிற்கிற மானைக் காட்டி "அதோ பார், அதோ பார்" என்று குழந்தையின் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே மானும் குழந்தையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்று ஒன்றையொன்று பார்க்கின்றன. மான் காதை ஆட்டுகிறது. குழந்தை தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. அந்த இடத்தை விட்டு நகர அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். பிஸ்கட் பாக்கெட்டை மட்டும் பையில் இருந்து எடுக்காமல் இருப்பது நல்லது. மான் பிஸ்கட்டோடு உறையையும் சேர்த்து விழுங்கும்.

கோயில் மேலே, சுவாமி மலை என்னும் பாறையின் உச்சியில். சம்பந்தர் பாடிய தலம். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோயில் இருந்த இடம். வெயில் ஏறிவிட்டால் கல்தரையில் பிஞ்சுக் கால் வைக்க முடியாது, அதனால் இறங்கியதும் முதலில் கோயில், திரும்பி வரும்போது மான் என்று வைத்துக்கொள்வதே சரி. இராவணன் வெட்டு என்று சொல்லும் பிளவின் ஓரம் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. அங்கே குழந்தை இடுப்பை விட்டு இறங்கக் கூடாது. அந்தப் பாறையோரத்து மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னச் சின்ன மரத்தொட்டில்கள் தொங்குகின்றன. கையில் குழந்தையோடு அந்த மரத்தடியில் நிற்கும் தாய்மார் அதிகம் பேசுவதில்லை.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகலாமா என்று ஆட்டோக்காரர்கள் கேட்பார்கள். ஏழு கிணறுகள், ஏழுக்கும் ஏழு விதமான சூடு. நேரம் மிச்சமிருந்தால், குழந்தை விழித்திருந்தால் போகலாம். வாளித் தண்ணீரை முதலில் முழங்கையில் ஊற்றிப் பார்த்துக்கொண்டு பிறகு குழந்தையின் காலில் ஊற்றலாம். அதுவே அதற்குப் பெரிய விளையாட்டு. புறாத்தீவுக்குப் படகில் போவதை மட்டும் இந்த வயதில் தள்ளிவைக்க வேண்டும்.

படகு என்றதும் திருவள்ளூர்க்காரர்களுக்கு நினைவு வருவது 2011 டிசம்பர் 25. பழவேற்காட்டில் கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாகப் படகேறிய ஒரு குடும்பத்தின் 22 பேர், குழந்தைகளோடு, படகு கவிழ்ந்து இறந்துபோனார்கள். ஒருவரும் உயிர்காப்பு உடை அணிந்திருக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்த யாரும் சின்னப் படகில் குழந்தையை ஏற்றும்போது இரண்டாம் முறை யோசிக்காமல் இருக்க முடியாது. சொகுசுக் கப்பல் பயணத்திலும் சின்னப் படகு வரும். புதுச்சேரிக்கு வர 2022ல் எம்பிரஸுக்கு அனுமதி கிடைக்கவில்லை. 2025 ஜூலையில் வந்தபோது கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு வந்தார்கள். இப்படிப்பட்ட இடங்களில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: குழந்தை அளவுக்கு உயிர்காப்பு உடை இருக்கிறதா? பெரியவர் உடையைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் அது தலைவழியாகக் கழன்றுவிடும். இல்லை என்று சொன்னால் அன்றைக்குக் கரையே வேண்டாம். கூச்சப்படாமல் சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பலாம்.

கரைக்கு வந்துவிட்டால் புதுச்சேரி எளிது. துறைமுகத்தில் இருந்து பாரதி பூங்காவுக்குச் சின்ன ஆட்டோ சவாரி. நடுவில் வெள்ளை ஆயி மண்டபம், சுற்றிலும் புல், நிழல், ஊஞ்சல். அங்கிருந்து நாலடியில் மணக்குள விநாயகர் கோயில். முன்பென்றால் வாசலில் லட்சுமி யானை துதிக்கையை நீட்டும். 2022 நவம்பரில் நடைப்பயிற்சியின்போது சாய்ந்து விழுந்து இறந்தது. ஊரே திரண்டு அழுதது. இப்போதும் அந்த வாசலில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பத்தான் செய்கிறார்கள்.

கப்பல் விசாகப்பட்டினத்தில் நிற்கிற பயணமென்றால் அங்கே கைலாசகிரி பொம்மை ரயில் ஒன்றே போதும். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகம் பெரியவர்களுக்கு அருமையானது. இரண்டு வயதுக்கு அதன் உள்ளே புழுக்கமும் இடுக்கும்தான் மிஞ்சும்.

அம்பாந்தோட்டையில் இறங்கவே வேண்டாம் என்பது இந்தப் பத்தியின் கட்சி. யால, பூந்தல என்று சரணாலயங்களின் பேர் கேட்டதும் ஆசை வரும். ஆனால் ஜீப்பில் மணிக்கணக்காகக் குலுங்க வேண்டும், நடுவில் இறங்கக் கூடாது, சிறுத்தை தெரியும் என்ற உறுதியும் இல்லை. மற்றவர்கள் இறங்கிப்போன பிறகு கப்பல் காலியாகக் கிடக்கும். எப்போதும் கூட்டமாக இருக்கும் தாழ்வாரத்தில் குழந்தை இஷ்டத்துக்கு ஓடலாம். மேல்தளத்தில் இருந்து கீழே பார்த்தால் துறைமுக வேலை முழுக்கத் தெரியும். தடித்த கயிற்றைக் கரையில் உள்ள இரும்புக் குமிழில் மாட்டுவது, இழுவைப் படகு பெரிய கப்பலை முட்டித் தள்ளுவது, கிரேன் கழுத்தை ஆட்டுவது. ஜேசிபி நின்றால் வீட்டுக்கு வர மறுக்கும் சிப்காட் குழந்தைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நீச்சல் குளத்தை மட்டும் நம்ப முடியாது. டயப்பர் கட்டும் குழந்தைகளைப் பொதுக் குளத்தில் இறக்கப் பெரும்பாலான கப்பல்களில் அனுமதி இல்லை.

காங்கேசன்துறையில் இறங்கும்போது வேறொரு சந்தோஷம் காத்திருக்கிறது. பெயர்ப்பலகை தமிழில், பேச்சு தமிழில். "பிள்ளைக்கு எத்தனை வயசு?" என்று ஓட்டோக்காரர் கேட்பார். காங்கேயன் என்றால் முருகன்; மாவிட்டபுரம் கோயிலுக்கான முருகன் சிலை வந்திறங்கிய துறை என்பதால் இந்தப் பெயர் என்று ஊரார் சொல்வார்கள். சில கிலோமீட்டரில் கீரிமலை. கடல் ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் அலையடிக்க, இந்தப்பக்கம் நன்னீர் ஊற்று கேணியாகத் தேங்கி நிற்கிறது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. படியில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காலை நனைக்கலாம். கேணி ஆழம், கையை விடக் கூடாது.

யாழ்ப்பாணம் அங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர் போல. நல்லூர் கோயில், பக்கத்திலேயே ரியோ ஐஸ்கிரீம் கடை என்று ஒரு சுற்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கப்பல் வரும் மாதங்களில்தான் விழுகின்றன. அந்தச் சமயம் என்றால் கீரிமலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குழந்தைச் சாப்பாட்டுக்கு அங்கே பஞ்சமில்லை. காரம் இல்லாத சொதியை இடியப்பத்தில் ஊற்றிப் பிசைந்தால் நம்ம வீட்டுப் பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் வாயைத் திறக்கும். இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே என்பதால் தூக்கக் கணக்கும் தவறாது.

சொகுசுக் கப்பல் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு நாகப்பட்டினம் இருக்கிறது. 2023 அக்டோபர் 14ல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கிய சேவை அங்கிருந்து காங்கேசன்துறைக்குப் போகிறது. நான்கு மணி நேரம். பால் குடித்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் யாழ்ப்பாணம். எதில் போனாலும் குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் பெயர் சேர்க்கும் வழக்கமெல்லாம் போய்விட்டது. தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிடலாம். கப்பலின் இறங்குபடி செங்குத்தாக இருக்கும். கோட்டைச் சாலையும் கோயில் படியும் சக்கரத்துக்கு ஒத்துவராது. தோளில் குறுக்கே கட்டும் துணி ஒன்று, தண்ணீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு, தொப்பி, மாற்று உடை. இவ்வளவுதான் கரைப் பை.

ஒன்று மட்டும் துறைமுகங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2015ல் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகள் திறக்கப்பட்டன. கோயம்பேட்டிலும் சின்ன ஊர் நிலையங்களிலும் ஒரு தாய் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார முடிகிறது. பயண முனையம் கட்டும் ஒவ்வொரு துறைமுகமும், சுங்கச் சோதனை வரிசைக்கு முன்னால், அப்படி ஓர் அறையும் குழந்தையைப் படுக்கவைத்துத் துணி மாற்ற ஒரு மேடையும் கட்டிவிட வேண்டும். ஒரு கண்டெய்னர் அளவு இடம் போதும்.

சீட்டு எடுப்பதற்கு முன் கும்மிடிப்பூண்டிக் குடும்பங்கள் ஒரு ஒத்திகை பார்க்கலாம். ஞாயிறு காலை பொன்னேரியில் இறங்கி பழவேற்காடு பஸ் ஏறினால் போதும். படகில் ஏற வேண்டாம். ஏரிக்கரையில் வலை உதறுகிறவர்களையும், ஏலத்துக்குக் கொட்டும் இறாலையும், தூரத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கையும் குழந்தை தன் போக்கில் பார்க்கட்டும். இறங்கியது எத்தனை மணிக்கு, முதல் சிணுங்கல் எத்தனை மணிக்கு, தோளில் சாய்ந்தது எத்தனை மணிக்கு என்று அப்பா ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும். திருகோணமலைக்குப் போகும்போது அந்தத் தாளை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டால் வேன்காரரிடம் எத்தனை இடம் பேசுவது என்ற குழப்பம் இருக்காது.