சுருதி சேராத குரல்களும் சில பட்டியல்களும்

ஆய்வு மாணவரிடையே ஜாஸ் கேட்பது ஒரு தகுதிச் சான்றாகிவிட்டது. பிடித்த கலைஞர்களின் பட்டியலை வெளியிடுவது அதன் சடங்கு. பழையோரில் லூயி ஆம்ஸ்ட்ராங், பில்லி ஹாலிடே, தெலோனியஸ் மங்க், ஆர்னெட் கோல்மன். இக்காலத்தவரில் விஜய் ஐயர், செசில் மக்லோரின் சால்வன்ட், கமாசி வாஷிங்டன். பெயர்களில் குறையொன்றும் இல்லை. தேர்ந்த செவிகளின் தெரிவு என்றே சொல்லலாம். அதே செவிகள் ஆனைகட்டியைத் தாண்டி அட்டப்பாடிக்குள் நுழைந்ததும் ஏன் அடைத்துக்கொள்கின்றன என்பதுதான் கேள்வி.

2022 ஜூலை 22 அன்று 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகி விருது, பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியின் இருளர் சமூகத்தைச் சேர்ந்த நஞ்சியம்மாவுக்குக் கிடைத்தது. பாடலின் வரிகளும் அவருடையவையே. சில நாட்களில் எதிர்ப்பு கிளம்பியது. சுருதி கொடுத்தால் அதில் நின்று பாட இயலாதவருக்கு இவ்விருதா, இசைக்கே வாழ்நாளை ஈந்து பயின்றோருக்கு இது இழிவல்லவா என்பது அதன் சாரம். கேரளத்தின் இசைக்கலைஞர் பலர் அதை மறுத்தனர். ஆயினும் 'உள்ளபடி அவர் சொல்வது சரிதானே' என்ற முணுமுணுப்பு பல்கலைக்கழகத் தாழ்வாரங்களில் அடங்கவில்லை. முணுமுணுத்தவருள் ஹாலிடேயின் அடியார்களும் உண்டு.

ஹாலிடேயின் குரல் வீச்சு ஒரு ஸ்தாயியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். முறையான இசைப் பயிற்சி அவருக்கு வாய்க்கவில்லை. 1958இல் வெளிவந்த 'லேடி இன் சாட்டின்' தொகுப்பில் அக்குரல் உடைந்து, வறண்டு, சுரத்தின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நகர்கிறது. அதைத்தான் அவருடைய உச்சமென்று போற்றுவோர் இருக்கிறார்கள். ஆர்னெட் கோல்மன் 1959இல் நெகிழி சாக்சபோனுடன் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் வாசித்தபோது, அவருக்குச் சுருதியே தெரியாது என்றவர்களுள் பெயர்பெற்ற ஜாஸ் கலைஞர்களும் இருந்தனர். 2007இல் அவருக்கே புலிட்சர் பரிசு கிடைத்தது. ட்யூக் எலிங்டனின் கதை இன்னும் கசப்பானது. 1965இல் நடுவர்கள் அவருக்குச் சிறப்புப் பாராட்டைப் பரிந்துரைக்க, புலிட்சர் குழு மறுத்துவிட்டது. 1999இல் அது வந்து சேர்ந்தபோது அவர் இறந்து 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. இவற்றையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லி, அன்றைய விமரிசகரின் செவிட்டுத்தனத்தை எள்ளுவோரே 2022இல் அதே நாற்காலியில் அமர்ந்தனர்.

ப்ளூஸின் 'நீலச் சுரம்' பியானோவின் எந்தக் கட்டையிலும் இல்லை. இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட வெளியில் அது வழுகி நிற்கிறது. தோடியின் காந்தாரத்தையும் ஒரு புள்ளியில் ஆணியடிக்க முடியாது. அதன் உயிரே அசைவில்தான். கர்நாடக இசை பயின்ற எவருக்கும் இது தெரியும். ஆக, பிறழ்வு எது, நயம் எது என்பதைக் குறிப்பிட்ட இசையின் இலக்கணமே தீர்மானிக்கிறது. நிலைச்சுரப் பெட்டியால் அதைத் தீர்ப்பது, எழுத்துத் தமிழை அளவுகோலாக்கி இருளர் பேச்சைப் 'பிழைத் தமிழ்' என்பதற்கு நிகர். அப்படியும் சொல்லிவந்தார்கள், தமிழின் கொச்சை என்றே அதைத் தள்ளிவைத்திருந்தார்கள். தமிழுக்கு நெருங்கிய, ஆனால் தனக்கென இலக்கணமுள்ள தனித் தென்திராவிட மொழி அது என்று நிறுவியவர் கமில் சுவலபில். அவருடைய 'இருள மொழி' நூல் 1973இல் வெளிவந்தது. அதற்குச் சற்று முன், 1969இல், வில்லியம் லபோவ் ஹார்லெம் கறுப்பினச் சிறுவர்களின் ஆங்கிலத்துக்காக இதே வாதத்தை முன்வைத்தார். அவ்வாங்கிலம் குறைபாடன்று, விதிகளால் ஆனது என்றார். மொழியியல் வகுப்பின் முதற்பருவத்தில் தேர்வெழுதிக் கடக்கும் பாடம், பாட்டு என்று வந்ததும் மறந்துபோகிறது.

ஆதரித்தோரும் அத்தனை குற்றமற்றவர் அல்லர். மண்ணின் மணம், காட்டின் தூய்மை, கள்ளமற்ற சிரிப்பு என அவர்கள் பொழிந்த சொற்களில் கலை என்ற சொல் அரிதாகவே வந்தது. ஆம்ஸ்ட்ராங்கையும் இப்படித்தான் 'இயற்கையின் குழந்தை' ஆக்கினார்கள். 1928இல் அவர் பதிவுசெய்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' இசையின் துணையற்ற தொடக்கம் கணக்கும் துணிவும் கூடிய கட்டுமானம். இயற்கை அதை எழுதவில்லை. நஞ்சியம்மாவின் பாட்டைத் தொன்மையின் எச்சம் என்போர் அதன் வரிகளைக் கேட்டதாகத் தெரியவில்லை. பூத்த சந்தன மரத்தைக் காட்டும் அப்பாட்டு விமானத்தையும் காட்டுகிறது. கண்ணெதிரில் இருக்கும் உலகைப் பாட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் இக்காலக் கலைஞர் ஒருவரின் ஆக்கம் அது.

நஞ்சியம்மா ஜாஸ் பாடகி அல்லர். அப்படிப் பட்டம் சூட்டுவதும் அவமதிப்பே. ஜாஸ் தனக்கான கடும் பயிற்சியும் வரலாறும் உடையது, இருளர் பாட்டுக்குத் தன்னுடையவை உண்டு. விருதுக்குழுவின் தேர்வை எவரும் கேள்வி கேட்கலாம். கேட்பதற்கு முன் அவ்விசையை அதன் விதிகளோடு கேட்டிருக்க வேண்டும்.

பாலக்காடு என்றதும் இசையுலகுக்கு நினைவில் வருபவர்கள் செம்பை வைத்தியநாத பாகவதரும் மிருதங்கம் மணி ஐயரும். பாகவதரின் பெயரில் அந்நகரில் அரசு இசைக் கல்லூரியே இருக்கிறது, தகும். அதே மாவட்டத்தின் மலைகளில் கொகல் என்னும் குழலும் தவிலும் சேர்ந்தால் நடுவில் வட்டம் சுழலத் தொடங்குகிறது. அந்தத் தாளச் சுழற்சியைச் சுரப்படுத்தியும் அலசியும், மங்கின் ஒரு பதிவுக்குத் தரப்படும் கவனத்தில் பாதியையேனும் செலுத்தியும் எழுதப்பட்ட ஆய்வேடுகள் எத்தனை? கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டிக்குப் பேருந்து போகிறது. நியூ ஆர்லியன்ஸைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவோர் பலர் அதில் ஏறியதில்லை.

2022 செப்டம்பர் 30 அன்று தில்லி விஞ்ஞான் பவனில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவிடமிருந்து நஞ்சியம்மா விருதைப் பெற்றபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவ்வாண்டு இறுதியில் வழக்கம்போல் பட்டியல்கள் வந்தன. ஹாலிடே இருந்தார், கோல்மன் இருந்தார்.